சோன்யா ஹெனி

நார்வே நாட்டில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் சோன்யா ஹெனி. பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஆடும் ‘ஃபிகர் ஸ்கேட்டிங்’ அவரது கலை. பதினொரு வயதில், 1924ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில், எண்மருள் இறுதி இடத்தையே பெற்றார். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1927 முதல் 1936 வரை பத்து முறை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். 1928, 1932, 1936 ஒலிம்பிக்குகளில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

இறுதி ஒலிம்பிக்கில், பதினைந்து வயதான இங்கிலாந்துச் சிறுமி செசிலியா காலெட்ஜ் அவரை நெருங்கி வந்து இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டே, இருபத்து நான்கு வயதை எட்டும் வேளையில், புகழின் உச்சியில் நின்ற சோன்யா போட்டிகளிலிருந்து விலகினார். கலையை மட்டும் கைவிடவில்லை. அமெரிக்கா சென்று, பனிமேடைகளிலும் திரைப்படங்களிலும் ஆடி மக்களை மகிழ்வித்தார். 1969ஆம் ஆண்டு மறைந்தார்.

சிந்தித்து எழுதுக: வெற்றி பெறும்போதே விலகிய சோன்யாவின் முடிவு சரியானதா? காரணம் கூறுக.