மலைவலம் வகுத்த மாதவர்: சோஓ அடிகள் வரலாறு

பகவான் புத்தர் அருளிய தருமம் எந்நாட்டிற் சென்றாலும் அந்நாட்டு நிலத்தின் இயல்போடு இயைந்து வளர்ந்தது. நம் நாட்டுப் பிக்குகள் மரநிழலிலும் மலைக்குகைகளிலும் அமர்ந்து தியானம் பயின்றனர். மலைகள் செறிந்த ஜப்பானிலோ, அமர்ந்து பயில்வதோடு அமையாது, மலைமேல் விரைந்து நடந்தே தியானம் பயிலும் நெறியொன்றும் தோன்றிற்று. நள்ளிரவில் எழுந்து, கையில் விளக்கேந்தி, கல்லும் வேரும் நிறைந்த செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து, இவ்வாறு ஆயிரம் நாள் செய்து முடிக்கும் இத்தவத்தைக் கைஹோக்யோ என்பர். மலைவலம் என்று நாம் தமிழிற் கூறலாம்.

மலைப்பாதைகளில் இரவும் பகலும் ஓடும் நெடுந்தூரப் பந்தயங்கள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவற்றில் முந்துவோர்க்குப் பரிசும் புகழும் உண்டு. மலைவலத்தில் முந்துவோரும் இல்லை, பிந்துவோரும் இல்லை. வழிநெடுக வணங்குவதே அதன் நோக்கம். இந்நெறியின் முதல்வராகப் போற்றப்படுபவர் சோஓ அடிகள். அவருடைய வரலாறு திரிசரணம் புகுந்த நாம் அறியத் தக்கது.

ஜப்பானின் பழந்தலைநகராகிய கியோத்தோவுக்கு வடகிழக்கில் ஹியெய் மலை நிற்கிறது. அதன் உயரம் 848 மீட்டர். கீழ்ப்புறத்தில் பீவா ஏரி கடல்போற் பரந்து கிடக்கும். 788ஆம் ஆண்டில் சாய்ச்சோ என்னும் பெரியார் இம்மலையில் ஒரு சிறு பள்ளியை அமைத்தார். பின்னர் அவர் சீனம் சென்று, சத்தர்ம புண்டரீக சூத்திரத்தைத் தலைமையாகக் கொண்ட தெந்தாய் மரபைக் கற்றுத் திரும்பினார். அப்பள்ளியே என்ரியாகு-ஜி என்னும் பெருமடமாக வளர்ந்தது.

சாய்ச்சோ மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 831ஆம் ஆண்டில், ஏரியைச் சூழ்ந்த ஓமி நாட்டிற் பிறந்தார் சோஓ. பதினைந்து வயதளவில் மலையேறி மடம் புகுந்தார். அங்கே புண்டரீக சூத்திரத்தை ஓதுங்கால், ஓர் அதிகாரம் அவருள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அது சதாபரிபூதர் என்னும் போதிசத்துவரின் வரலாறாகும்.

அவ்வரலாறு வருமாறு: சதாபரிபூதர் பெருங்கல்வி உடையவர் அல்லர். எதிர்ப்படும் ஆண், பெண், துறவி, இல்லறத்தார் யாவரையும் வணங்கி, நீவிர் ஒருநாள் புத்தராவீர், ஆகலின் நான் உம்மை இகழேன் என்ற பொருள்படச் சொல்லுவார். கேட்டோர் சினந்தனர், வைதனர், கோலாலும் கல்லாலும் அடித்தனர். அவரோ அடி படாத தொலைவுக்கு ஓடி நின்று, அங்கிருந்தும் அவர்களை வணங்கி அதனையே சொல்லுவார். சதாபரிபூதர் என்னும் பெயரை இருவகையாகப் பிரிக்கலாம். என்றும் இகழப்பட்டவர் என்பது ஒரு பொருள். என்றும் இகழப்படாதவர் என்பது மற்றொன்று. குமாரசீவர் 406ஆம் ஆண்டிற் செய்த சீன மொழிபெயர்ப்பில் என்றும் இகழாதவர் என்னும் பொருளிலேயே அப்பெயரை அமைத்தார். பிறரால் இகழப்பட்டவரே பிறரை இகழாதவராய் நின்றார் என்னும் உண்மை இப்பெயரினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

இளைஞர் சோஓ இதனைப் படித்ததோடு விட்டாரல்லர். அவ்வாறே வாழ விரும்பினார். ஆயினும் மடத்துப் பணிகள் அவரை விடவில்லை. எனவே தம்மால் இயன்ற சிறுதொண்டொன்றை மேற்கொண்டார். நாள்தோறும் காட்டிற் புகுந்து மலர் கொய்து வந்து, நடுமண்டபத்தில் உள்ள புத்தர் திருமுன் வைத்து வணங்கினார். மழையென்றும் பனியென்றும் பாராது, ஆறேழு ஆண்டுகள் ஒருநாளும் தவறாது இதனைச் செய்தார் என்பர். மலர்தேடி அவர் நடந்த இந்நடையே மலைவலத்தின் வித்து என்று மரபினர் கருதுவர்.

சீனத்தில் ஒன்பது ஆண்டுகள் பயணம் செய்து 847இல் மீண்ட என்னின் என்னும் பேராசான் இவ்விளைஞரின் தொண்டைக் கண்டார். அக்காலத்தில் ஆண்டுதோறும் துறவு பெறத்தக்கோர் தொகையை அரசு வரையறுத்திருந்தது. அவ்விடங்களுள் ஒன்றைச் சோஓவுக்கு அளிக்க என்னின் முன்வந்தார். ஆனால் வேறொருவர் அப்பேறு வேண்டித் திருமுன் வீழ்ந்து வீழ்ந்து வணங்குவதைச் சோஓ முன்பே கண்டிருந்தார். எனவே தமக்குக் கிடைத்த இடத்தை அவருக்கே அளித்துவிடுமாறு வேண்டிக்கொண்டார். ஆண்டுகள் பல காத்திருந்த ஒருவர், கைக்கு வந்த கனியைப் பிறர் கையில் வைத்தார்! 856ஆம் ஆண்டிலேயே, அரசவைப் பெருமகனாகிய பூஜிவாரா யோஷிமி என்பாரின் ஆதரவால், சோஓ துறவு பெற்றார்.

பின்னர், 859ஆம் ஆண்டளவில், ஹிரா மலைத்தொடரில் உள்ள கத்சுராகாவா என்னும் பள்ளத்தாக்கை அடைந்து, தானியம் உண்ணாது, காட்டுக் கீரைகளால் உயிர் தாங்கித் தவம் செய்தார். அங்குள்ள அருவியில் அசலர் என்னும் காவற்றெய்வத்தின் வடிவம் தோன்றியதாகவும், அவர் பாய்ந்து தழுவியபோது கையில் அகப்பட்டது ஒரு மரத்துண்டே என்றும், அம்மரத்திலேயே அசலரின் படிமத்தைச் செதுக்கினார் என்றும் மரபுக்கதை கூறும். அசலர் என்றால் அசைவற்றவர் என்பது பொருள். 865ஆம் ஆண்டில் ஹியெய் மலையின் தென்பால் அவர் அமைத்த பள்ளிக்கும் முதோ-ஜி, அதாவது அசைவற்றதன் பள்ளி, என்றே பெயர். ஓயாது நடப்பவர் வணங்குவது அசையாத ஒன்றை என்பது எண்ணத்தக்கது.

நோய் தீர்க்கும் ஆற்றலுடையவர் என்ற புகழ் பரவவே, அரசவை அவரை அழைத்தது. அவ்வுறவைத் தம் ஆசிரியர்களுக்காகவே அவர் பயன்படுத்தினார். மறைந்த சாய்ச்சோவுக்கும் என்னினுக்கும் பேராசான் என்னும் பட்டம் வழங்குமாறு விண்ணப்பித்தார். 866ஆம் ஆண்டில் அஃது அளிக்கப்பட்டது. ஜப்பானில் அப்பட்டம் பெற்ற முதல்வர்கள் அவ்விருவரே. சோஓ அடிகள் 918ஆம் ஆண்டில் முதுமையெய்தி மறைந்தார்.

இன்று காணப்படும் மலைவல முறை முழுவதையும் அவரே வகுத்தார் என்பதற்கில்லை. அவருக்குப் பின் பல நூற்றாண்டுகளில் அது படிப்படியாக உருப்பெற்றது. 1571ஆம் ஆண்டில் ஓடா நொபுனாகா என்னும் படைத்தலைவன் ஹியெய் மலையைத் தீக்கிரையாக்கிப் பல்லாயிரவரைக் கொன்றான். அவ்வழிவிற்குப் பின்னும் இந்நெறி மீண்டும் தழைத்தது.

இதன் அமைப்பு வருமாறு: ஏழாண்டுகளில் ஆயிரம் நாள். முதல் மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு 100 நாளும், அடுத்த ஈராண்டுகளில் ஆண்டுக்கு 200 நாளும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 700 நாள் முடிந்ததும், உணவும் நீரும் உறக்கமும் இன்றி, படுக்கவும் செய்யாது, ஒன்பது நாள் மண்டபத்தில் மந்திரம் ஓதுவர். ஆறாம் ஆண்டில் 100 நாள், நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர். ஏழாம் ஆண்டில் 100 நாள், நாளொன்றுக்கு 84 கிலோமீட்டர். எஞ்சிய 100 நாள் பழையபடி 30 கிலோமீட்டர். யாவும் கூட்டினால் 38,000 கிலோமீட்டருக்கு மேலாகும்; நிலவுலகின் சுற்றளவுக்குச் சிறிதே குறைவு. வெள்ளாடையும் வைக்கோற் செருப்பும் அணிவர். வெள்ளாடை சவத்துக்குரிய உடை. இடையில் கத்தியும் கயிறும் உண்டு. முடியாவிடின் உயிர் துறத்தல் என்னும் பழைய உறுதிக்கு இவை அடையாளம். 1571க்குப் பின் இதனை முற்ற முடித்தவர் ஏறத்தாழ ஐம்பதின்மரே. அவருள் 2013இல் மறைந்த சாகாய் யூசாய் அடிகள் 1980இலும் 1987இலும் இருமுறை முடித்தார்; இரண்டாம் முறை முடித்தபோது அவருக்கு வயது அறுபது.

இங்கே நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும், எழவும் வேண்டும். உருவேலாவில் ஆறாண்டுகள் உடலை வருத்திய சித்தார்த்தர், அதனாற் பயனில்லை எனக் கண்டு, சுசாதை அளித்த பாற்சோற்றை ஏற்று, நடுவழியைக் கண்டாரன்றோ? அங்ஙனமாயின் இக்கடுந்தவம் பகவான் காட்டிய நெறியாகுமா? ஒன்பது நாள் நீரின்றி இருத்தலும், இடையிற் கத்தி தரித்தலும் நடுவழியோடு பொருந்துமாறு எளிதிற் புலப்படவில்லை. பெரியோர் செய்தது என்பதற்காகவே ஒன்றை ஏற்க வேண்டுவதில்லை என்பதும் பகவான் நமக்குக் கற்பித்ததே.

ஆயினும் இத்தவத்தின் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. மலைவலம் செய்வோர் வழியில் 250க்கு மேற்பட்ட இடங்களில் நின்று வணங்குகின்றனர். அவற்றுட் பள்ளிகளும் படிமங்களும் மட்டுமல்ல, மரமும் பாறையும் ஊற்றும் உண்டு. ஏழாம் ஆண்டில் கியோத்தோ நகரத் தெருக்களில் நடக்கும்போது, வழியோரம் மண்டியிட்ட ஒவ்வொருவர் தலையையும் செபமாலையால் தொட்டு வாழ்த்துகின்றனர். முதல் எழுநூறு நாள் தம் பயன் கருதியது. பின்னர் வருவது பிறர் பயன் கருதியது என்பது அவர்கள் கொள்கை. சதாபரிபூதரின் வணக்கமே சோஓ அடிகளின் வழியாக மலைப்பாதையில் நடைபோடுகிறது.

ஆயிரம் நாள் மலையில் நடத்தல் நம்மில் எவர்க்கும் இயலாது, வேண்டுவதும் அன்று. ஆனால் பிறப்பினால் இகழப்பட்டு, அவ்விகழ்ச்சியை உதறித் தருமத்திற் புகுந்த நமக்குச் சதாபரிபூதரின் வரலாறு அயலாருடையது ஆகாது. நம்மை இகழ்ந்தோரைப் போலவே நாமும் நமக்குக் கீழென ஒருவரைத் தேடி இகழ்வோமாயின், சரணம் புகுந்ததனாற் பயனென்ன? தெருவில் எதிர்ப்படும் தோட்டியையும் சுமையாளையும், நம் இல்லத்துப் பெண்டிரையும் சிறாரையும், நாளைய புத்தராக எண்ணி ஒருகணம் உள்ளத்தால் வணங்குதல் நம்மால் இயலும். ஒருநாள் செய்வது எளிது. ஆறேழு ஆண்டுகள் ஒருநாளும் தவறாது மலர் கொய்த அவ்விளைஞரைப்போல் நாள்தோறும் செய்வதே அரிது. அவ்வரிய செயலே நமக்குரிய மலைவலமாகும்.