நம்பிக்கையின் ஓட்டம்

கனடாவின் வின்னிபெக் நகரில் 1958ஆம் ஆண்டு பிறந்தவர் டெர்ரி ஃபாக்ஸ். இளமையில் கூடைப்பந்தின்மீது அவருக்குப் பெரும் ஆர்வம் இருந்தது. உயரம் குறைவாக இருந்தும் விடாமுயற்சியால் அணியில் இடம்பிடித்தார். உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்பது அவர் கனவு.

1977ஆம் ஆண்டு, 18 வயதில், அவருடைய வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. உயிரைக் காக்கக் காலை அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, பள்ளிப் பயிற்றுநர் ஒரு கட்டுரையைக் கொண்டு வந்து கொடுத்தார். செயற்கைக் காலுடன் நியூயார்க் நெட்டோட்டத்தை ஓடி முடித்த ஒருவரைப் பற்றியது அது. இருண்டிருந்த இளைஞரின் மனத்தில் அது சிறு சுடரை ஏற்றியது.

அடுத்த 16 மாதங்கள் வேதிச்சிகிச்சை தொடர்ந்தது. தலைமுடி உதிர்ந்தது. மருத்துவமனையில் தம்மைப் போன்ற இளையோர் வலியால் துடிப்பதையும் சிலர் உயிரிழப்பதையும் டெர்ரி கண்டார். அந்தக் காட்சிகள் அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. தமக்கு நேர்ந்ததை எண்ணி முடங்கிவிடாமல், அவர்களுக்காக ஏதேனும் செய்ய முடிவெடுத்தார். புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட, கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கத் திட்டமிட்டார்.

1980 ஏப்ரல் 12ஆம் நாள், செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடல்நீரில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடினார். செயற்கைக் கால் உரசிய இடத்தில் புண்ணாகி இரத்தம் கசிந்தது. ஆயினும், அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. அரைக்கால்சட்டை அணிந்தே ஓடினார். செயற்கைக் காலை மறைக்க விரும்பவில்லை.

செப்டம்பர் 1ஆம் நாள், தண்டர் பே நகருக்கு அருகில் நெஞ்சுவலி அவரைத் தடுத்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். செய்தியாளர்களிடம் அதைத் தெரிவித்தபோது அவர் கண்ணீரை அடக்கவில்லை. அழுகை அவருடைய மன உறுதியைக் குறைத்துவிடவும் இல்லை. இயன்றால் மீண்டும் ஓடி முடிப்பதாக உறுதி கூறினார்.

கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். 1981 பிப்ரவரிக்குள் திரண்ட நிதி 2 கோடியே 40 இலட்சம் டாலரைத் தாண்டியது. அது அன்றைய கனடிய மக்கள்தொகைக்கு ஈடான தொகை. அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள், 23ஆம் பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, டெர்ரி காலமானார்.

அவர் பெயரால் கனடாவில் ஆண்டுதோறும் ஓட்டம் நடைபெறுகிறது. கோலாலம்பூர், சிங்கப்பூர் உள்ளிட்ட பல நகரங்களிலும் அது நடத்தப்பட்டுள்ளது. அவர் பாதியில் விட்ட ஓட்டத்தைப் பல்லாயிரம் கால்கள் தொடர்ந்து வந்துள்ளன.