பீஸ் வாங்காத வக்கீல்

ஏழைகளுக்காக இனாமாக வழக்காடும் வக்கீல்கள் உண்டு. இனாமாக வழக்காடிவிட்டு, அந்த நேரத்துக்கான பணத்தைத் தன் கம்பெனிக்குத் தானே கட்டிய வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் பெயர் லூயி பிராண்டைஸ். அவர் தொழில் நடத்திய ஊர், அமெரிக்காவில் உள்ள பாஸ்டன்.

பிராண்டைஸ் 1856-ம் ஆண்டு, லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர், ஐரோப்பாவில் உள்ள பிராக் நகரில் இருந்து குடியேறிய யூதர்கள்.

18 வயதில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு சோதனை வந்தது. கண் பார்வை கெட்டது. உடன் படித்த மாணவர்கள் புத்தகத்தை வாசிக்க, காதால் கேட்டே பாடம் படித்தார். முதல் மாணவராகத் தேறினார். அப்போது வயது 20 தான். 21 வயது ஆகாதவருக்குப் பட்டம் கிடையாது என்பது விதி. அவருக்காக அந்த விதியையே தளர்த்தினார்கள்!

சொந்தக் கம்பெனி

1879-ல் கல்லூரித் தோழர் சாமுவேல் வாரனுடன் சேர்ந்து வக்கீல் கம்பெனி தொடங்கினார். வாரன், காகித ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் தேடி வந்தனர். பணம் குவிந்தது.

பிராண்டைஸ் ஆடம்பரத்தில் இறங்கவில்லை. பொதுமக்களுக்கான வழக்குகளில் பீஸ் வாங்குவதை விட்டார். ஆனால் கம்பெனியில் கூட்டாளிகள் இருந்தார்களே, அவர்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும்? ஆகவேதான் தன் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த நாளில் தொழிலாளர்கள் வாரந்தோறும் சில்லறைக் காசு கட்டி ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்தனர். அதில் பெரும் பகுதியைக் கம்பெனிகளின் செலவே விழுங்கியது. தவணை தவறினால் கட்டியதும் போச்சு! சேமிப்பு பாங்கிகளே குறைந்த செலவில் இன்ஷூரன்ஸ் நடத்தலாம் என்று பிராண்டைஸ் போராடினார். 1907-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அது சட்டம் ஆயிற்று. தான் செய்தவற்றில் இதுவே பெரிது என்று அவர் கருதினார்.

மறு ஆண்டு சலவைச்சாலை வழக்கு. பெண்களிடம் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது ஆரிகன் மாநிலச் சட்டம். அது செல்லாது என்று ஒரு முதலாளி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்துக்காக பிராண்டைஸ் 100 பக்கத்துக்கு மேல் மனு கொடுத்தார். அதில் சட்ட வாதம் இரண்டே பக்கம்! மற்றவை எல்லாம், நீண்ட நேர வேலை பெண்களின் உடலை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கான டாக்டர்கள், அதிகாரிகளின் அறிக்கைகள். அவற்றைத் திரட்டியவர் அவர் மனைவியின் தங்கை ஜோசபின். வழக்கு வென்றது.

நாலு மாதப் போர்

1916-ல் ஜனாதிபதி வில்சன் அவரைச் சுப்ரீம் கோர்ட் நீதிபதி பதவிக்கு நியமித்தார். உடனே எதிர்ப்பு மூண்டது. பாஸ்டன் பிரமுகர்கள் 55 பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டனர். ஒரே விவகாரத்தில் இரு தரப்புக்கும் ஆலோசனை சொன்னார் என்று புகார். இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் செய்வது அவர் வழக்கம். அதுவே வம்பாக வந்தது. யூதர் என்ற வெறுப்பும் பலருக்கு இருந்தது.

விசாரணைக்கு பிராண்டைஸ் போகவில்லை. அவருக்காகக் கம்பெனிக் கூட்டாளி மக்லெனன் வாஷிங்டன் சென்று, பழைய வழக்குகளை எல்லாம் விளக்கினார். நாலு மாதம் கழித்து ஓட்டெடுப்பு. ஆதரவு 47, எதிர்ப்பு 22. சுப்ரீம் கோர்ட்டின் முதல் யூத நீதிபதி ஆனார் பிராண்டைஸ்.

கம்பெனியில் இருந்து அவர் விலகினார். பெயர்ப் பலகையில் இருந்து அவர் பெயரும் போயிற்று. கூட்டாளிகள் தங்கள் பெயரில் அதை நடத்தினர். மக்லெனன் பெயர் தாங்கிய அந்தக் கம்பெனி இன்றும் பாஸ்டனில் நடக்கிறது.

பிராண்டைஸ் 1939 வரை நீதிபதியாக இருந்தார். 1941-ல் காலமானார். அவருடைய அஸ்தி, பிறந்த ஊரான லூயிவில்லில், சட்டக் கல்லூரி வாசல் மண்டபத்தின் கீழ் புதைக்கப்பட்டிருக்கிறது.