மரம் அறுத்தவரே காட்டுக்குக் காவலரான கதை: அணையிடம் தோற்ற ஜான் மியூர் யார்?

புகை வராத மின்சாரம் வேண்டும். காடும் வேண்டும். ரெண்டும் ஒரே இடத்தில் மோதினால் எதை விட்டுக்கொடுப்பது?

இது ஏதோ இன்றைக்குக் கிளம்பிய கேள்வி இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பள்ளத்தாக்கை வைத்து இதே சண்டை நடந்தது. அதில் காட்டுப் பக்கம் நின்றவர் ஜான் மியூர். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் பற்றிப் பேசினாலே முதலில் வரும் பெயர். ஆனால் வாழ்க்கையின் கடைசிப் போராட்டத்தில் அவர் தோற்றுப்போனார். எப்படி? பார்க்கலாம்.

பார்வையைப் பறித்த விபத்து

1838 ஏப்ரல் 21-ம் தேதி ஸ்காட்லாந்தின் டன்பார் ஊரில் பிறந்தவர் மியூர். 1849-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. விஸ்கான்சினில் காட்டைத் திருத்தி உருவாக்கிய பண்ணை, ரொம்பக் கண்டிப்பான அப்பா, விடிந்ததில் இருந்து இருட்டும் வரை வேலை. இதற்கு நடுவில் மரத்தாலேயே கடிகாரங்கள் செய்து அசத்தினார் மியூர்.

மெஷின் மேல் இருந்த ஆசை அவரை இண்டியானாபொலிஸ் நகரில் வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. 1867-ல் அங்கே கையில் இருந்த அரம் நழுவி வலது கண்ணில் குத்தியது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணும் மங்கியது. வாரக்கணக்கில் இருட்டு அறையில் படுத்திருந்தார். பார்வை திரும்பியதும் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். கென்டக்கியில் இருந்து புளோரிடா வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்தே போனார். 1868-ல் கலிபோர்னியா வந்து சேர்ந்தார்.

மரம் அறுக்கும் மில்லில் வேலை

அங்கே சியரா நெவாடா மலையில் உள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கு அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு கோடை முழுக்க ஆடு மேய்க்கும் வேலையோடு மலை ஏறினார். அப்புறம் பள்ளத்தாக்கில் விடுதி நடத்திய ஒருவருக்காக மரம் அறுக்கும் மில் ஒன்றைக் கட்டி, அதை அவரே ஓட்டினார்.

ஆச்சரியமாக இருக்கிறதா? ஆனால் இதில் ரெண்டு விஷயம் கவனிக்கணும். அந்த மில் ஓடியது ஓடை நீரின் விசையில். அறுத்தது புயலில் ஏற்கெனவே விழுந்து கிடந்த மரங்களை. அதாவது மரமும் வேண்டாம், நீர்விசையும் வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை அவர். எங்கே, எவ்வளவு எடுக்கிறோம் என்பதுதான் அவரது வழக்கு.

விழும்போதே நொறுங்கிய ராட்சத மரங்கள்

சியராவின் மேற்குச் சரிவில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் ஜெயன்ட் செக்கோயா. சில மரங்களுக்கு 3,000 வயதுக்கும் மேல். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மரங்கள் மேல் ரம்பம் விழுந்தது. இதில் கொடுமை என்னவென்றால், இந்த மரம் எளிதில் உடையும். அவ்வளவு உயரத்தில் இருந்து விழும்போதே பல மரங்கள் சிதறிப்போயின. மிஞ்சியதை வேலிக் கம்பாகவும் கூரை ஓடாகவும் வெட்டி விற்றார்கள்.

மியூர் 1870-களிலேயே இதை எதிர்த்து எழுத ஆரம்பித்தார். காரணம் மரம் மட்டும் இல்லை. டக்ளஸ் அணில் செக்கோயா காய்களைக் கடித்துத் தின்னும்போது விதைகள் சிதறி மண்ணில் விழும். ஃபிஷர் என்று ஒரு விலங்கு உண்டு. கீரியைவிடப் பெரியது, மரம் ஏறி வேட்டையாடும். முதிய மரங்களின் பொந்தில்தான் அது குட்டி போடும். பெரிய மரம் போனால் அந்த வீடும் போச்சு. புதுக் கன்று நட்டால் பொந்து வர நூறு வருஷத்துக்கு மேல் ஆகலாம். தெற்கு சியராவில் வாழும் ஃபிஷர் 2020-ல் அழியும் அபாயத்தில் உள்ள விலங்காக அறிவிக்கப்பட்டது.

பூங்கா கிடைத்தது, நட்பு முறிந்தது

மியூரின் கட்டுரைகள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவானது. 1892-ல் சியரா கிளப் தொடங்கப்பட்டது. சாகும் வரை அதன் தலைவர் அவர்தான். 1903-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே அவரோடு காட்டில் தங்கினார்.

இன்னொரு பக்கம் கிஃபர்ட் பின்சாட். பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானவர். காட்டை மக்களுக்காகத் திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. முதலில் ரெண்டு பேரும் நண்பர்கள். காட்டில் ஆடு மேய்க்க விடலாமா என்பதில் தொடங்கிய விரிசல், ஒரு அணையில் போய் முடிந்தது.

நகரம் கேட்ட பள்ளத்தாக்கு

யோசெமிட்டி பூங்காவுக்கு உள்ளேயே இருந்தது ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கு. நடுவில் துவலமி ஆறு, ரெண்டு பக்கமும் கருங்கல் சுவர், தரையில் புல்வெளியும் ஓக் மரங்களும். செங்குத்தான மலையில் இப்படி ஒரு தாழ்வான சமவெளி கிடைப்பதே அபூர்வம்.

அணை கட்டவும் அதைவிட வசதியான இடம் இல்லை. வாய் குறுகலானது, பாறை உறுதியானது. அரசு நிலம் என்பதால் விலை கொடுக்க வேண்டாம். தண்ணீரோடு மின்சாரமும் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ நகரம் கேட்டது. முதலில் மத்திய அரசு மறுத்தது.

1906 ஏப்ரல் 18-ம் தேதி பூகம்பம். தொடர்ந்து தீ. நகரமே எரிந்தது. தீயை அணைக்க முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம் நகருக்குள் குழாய்கள் உடைந்ததுதான். ஆனாலும் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்ற குரலுக்கு வலு கூடியது. 1908-ல் அனுமதி கிடைத்தது. வேறு ஆறுகள் இருக்கின்றன, பூங்காவை ஏன் தொட வேண்டும் என்று மியூர் தரப்பு கேட்டது. பின்சாட் அணைக்கு ஆதரவாக நின்றார்.

1913 டிசம்பரில் செனட் சபையில் 43-க்கு 25 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. டிசம்பர் 19-ம் தேதி அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்டார். அடுத்த வருஷம் டிசம்பர் 24-ம் தேதி நிமோனியாவால் மியூர் இறந்தார். வயது 76.

அணை வந்த பிறகு என்ன ஆச்சு?

பள்ளத்தாக்கில் இருந்த மரங்கள் வெட்டப்பட்டன. 1923-ல் ஓ'ஷாக்னஸி அணை கட்டி முடிக்கப்பட்டது. 1938-ல் இன்னும் 85 அடி உயர்த்தினார்கள். புல்வெளி, ஓக் தோப்பு, ஆற்றங்கரை எல்லாமே நீருக்கு அடியில். நீர் ஏறி இறங்குவதால் கரையில் செடி இல்லாத வெளுத்த பாறைக்கோடுதான் மிச்சம். சில கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாழிடமே காணாமல் போனது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். இன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் குடிப்பது இந்தத் திட்டத்தின் தண்ணீரைத்தான். இதில் கிடைக்கும் மின்சாரத்தில் நகரின் பேருந்துகளும் ரயில்களும் விமான நிலையமும் இயங்குகின்றன. நிலக்கரி எரிக்காத மின்சாரம். இந்தப் பலனை யாரும் மறுக்க முடியாது.

அப்போ வேறு ஆறு இருந்ததா? இருந்தது. வளைகுடாவின் அந்தப் பக்கம் உள்ள ஓக்லாந்து பகுதி மொகெலம்னி ஆற்றைத் தேர்ந்தெடுத்தது. அங்கே பார்டீ அணை 1929-ல் முடிந்தது.

மியூர் சறுக்கிய இடம்

மியூரிடமும் பெரிய குறை உண்டு. மனிதர் கால் படாத காடாக அவர் பார்த்த இடத்தில் மிவோக் பழங்குடிகள் காலம் காலமாக வாழ்ந்தார்கள். ஓக் விதையையும் புல் விதையையும் சேகரித்தார்கள். அவர்கள் விரட்டப்பட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைத் தாழ்வாகவும் எழுதினார். 2020-ல் சியரா கிளப்பே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

1987-ல் அமெரிக்க உள்துறை அமைச்சர் ஒருவரே அணையை அகற்றலாமா என்று யோசனை சொன்னார். 2012-ல் பள்ளத்தாக்கை மீட்கத் திட்டம் தயாரிக்கலாமா என்று சான் பிரான்சிஸ்கோவில் வாக்கெடுப்பு நடந்தது. நாலில் மூன்று பங்குக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். அந்தத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நம்பித்தான் இன்றைய நகரம் இருக்கிறது.

காற்றாலை, சோலார், நீர்மின் என்று எந்தத் திட்டம் காட்டுப் பக்கம் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதே மின்சாரத்தை வேறு இடத்தில் எடுக்க முடியுமா? மரம் வெட்டி, அணை கட்டி முடித்த பிறகு கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பதற்கு ஹெட்ச் ஹெட்சியே சாட்சி.