ஐந்து டாலருக்குப் போன அதிசயப் போர்வை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள பொருட்காட்சி சாலையில் ஒரு பழைய போர்வை கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதைத் தைத்தவர் எந்த நாட்டு ராணியும் அல்ல. அடிமையாகப் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்.

அவர் பெயர் ஹாரியட் பவர்ஸ். 1837-ம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். 1855-ல் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் அடிமைத் தளை அறுந்தது. கணவனும் மனைவியும் பாடுபட்டு, 1880-களில் ஏதென்ஸ் நகருக்கு அருகே 4 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள்.

துணியில் வேதக் கதை

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துப் போர்வை தைப்பது அந்த நாட்டுப் பெண்களின் வீட்டுக் கைவேலை. ஹாரியட் அதிலே கதை சொன்னார். வண்ணத் துணிகளை மனிதராக, மிருகமாக, நட்சத்திரமாக வெட்டி ஒட்டுத் தைத்தார். ஆதாம் ஏவாள் முதல் இயேசுநாதரின் சிலுவைப்பாடு வரை 11 கட்டங்களில் பைபிள் காட்சிகள் எழுந்தன!

1886-ல் ஏதென்சில் நடந்த பருத்திக் கண்காட்சியில் ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை இதைக் கண்டு வியந்தார். விலைக்குக் கேட்டார். என்ன விலை தந்தாலும் கொடுப்பதற்கில்லை என்று ஹாரியட் மறுத்துவிட்டார்.

வறுமை வந்தது

சில ஆண்டுகளில் குடும்பம் நொடித்தது. போர்வையை மாவுச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, மாட்டு வண்டியில் ஆசிரியையின் வீடு தேடிச் சென்றார் ஹாரியட். கேட்டது 10 டாலர். ஆசிரியையிடம் இருந்ததோ 5 டாலர்தான். கணவரின் வற்புறுத்தலால் மனமில்லாமல் சம்மதித்தார்.

கொடுக்கும் முன் ஒவ்வொரு படத்தின் பொருளையும் விளக்கிச் சொன்னார். ஆசிரியை அதை எழுதி வைத்துக்கொண்டார். பிறகும் பல முறை, பெற்ற பிள்ளையைப் பார்க்க வரும் தாய்போல, ஹாரியட் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனார்.

15 கட்டங்கள் கொண்ட அவரது இன்னொரு போர்வை பாஸ்டன் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. 1833-ல் வானிலிருந்து எரிநட்சத்திரங்கள் மழையாய்ப் பொழிந்த இரவு அதில் இடம் பெற்றிருக்கிறது. அது அவர் பிறக்கும் முன்பே நடந்த அதிசயம்!

1910-ல் ஹாரியட் காலமானார். அவர் கையால் ஆனவற்றில் இன்று இருப்பதாகத் தெரிவன இவ்விரண்டு போர்வைகளே. வீட்டில் ஊசி பிடித்த எத்தனையோ பெண்களின் பெயர் மறைந்து போயிற்று. இவர் சொன்னதை ஒருவர் எழுதி வைத்தார். இவர் பெயர் நிலைத்தது.