இடையன்குடியில் முதிர்ந்த இணையர்

நுழையும் முன்

கழக்கூட்டத்திலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டி, திருவனந்தபுரத்தைக் கடந்து நாகர்கோவிலை அடைகிறது. இன்று தமிழ்நாட்டில் உள்ள நாகர்கோவில், 1956 வரை கழக்கூட்டத்தைப் போலவே திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. அவ்வூரில் வளர்ந்த ஆங்கிலேயப் பெண் ஒருவரும் கடல் கடந்து வந்த அறிஞர் ஒருவரும் தமிழ்ச் சிற்றூர் ஒன்றைத் தம் ஊராக்கிக்கொண்ட வரலாற்றை அறிவோம்.

தமிழ் கற்க வந்தவர்

இராபர்ட்டு கால்டுவெல் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். கிளாஸ்கோ நகரில் கல்வி பயின்ற அவர், சமயப் பணிக்காக 1838ஆம் ஆண்டு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. மூன்றாண்டுகள் அங்குத் தங்கித் தமிழ் கற்றார். 1841ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையை நோக்கிப் புறப்பட்டவர், நெடுந்தொலைவை நடந்தே கடந்தார். வழியில் கண்ட ஊர்களையும் மக்களின் பேச்சையும் வழக்கங்களையும் அறிந்துகொண்டார். பனைமரங்களும் செம்மணல் தேரியும் சூழ்ந்த இடையன்குடியே அவர் வாழிடமாயிற்று.

தமிழோடு வளர்ந்தவர்

1844ஆம் ஆண்டு கால்டுவெல் எலைசாவை மணந்தார். எலைசாவின் பெற்றோராகிய சார்லசு மால்ட்டும் மார்த்தாவும் 1819 முதல் நாகர்கோவிலில் சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றியவர்கள். எலைசா பெற்றோரிடம் ஆங்கிலமும் ஊராரிடம் தமிழும் கேட்டு வளர்ந்தார். கணவர் ஆசிரியரிடமும் நூல்களிலும் கற்ற மொழியை மனைவி விளையாடும் பருவத்திலேயே கற்றிருந்தார். ஆகவே ஊர்ப்பெண்களோடு உரையாட அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

எலைசா இடையன்குடியில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெண்கள் படிப்பது அரிதாயிருந்த காலம் அது. தம் தாயார் நாகர்கோவிலில் கற்பித்த ரேந்தை பின்னும் தொழிலை இங்கும் பெண்களுக்குக் கற்பித்தார். எழுத்தறிவோடு கைத்தொழிலும் கற்ற பெண்கள் தம் உழைப்பால் பொருளீட்டும் நிலை பெற்றனர்.

ஒரே குடும்பத்து மொழிகள்

கால்டுவெல், பணிகளுக்கிடையே தென்னாட்டு மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். தமிழில் கண் என்கிறோம். மலையாளத்திலும் கன்னடத்திலும் கண்ணு என்பர். தெலுங்கில் கன்னு என்பர். இத்தகைய சொல் ஒற்றுமைகளோடு இலக்கண ஒற்றுமைகளையும் அவர் தொகுத்தார். இம்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பத்தைச் சார்ந்தவை என்பதை விரிவான சான்றுகளுடன் நிறுவினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்னும் அந்நூல் 1856ஆம் ஆண்டு வெளிவந்தது. நாம் பள்ளியில் நாள்தோறும் கேட்கும் மலையாளமும் வீட்டில் பேசும் தமிழும் நெருங்கிய உறவுடையவை என்பதற்கு அந்நூல் சான்று கூறுகிறது.

முதுமையிலும் ஓயாத பணி

1877ஆம் ஆண்டு கால்டுவெல் பேராயரானார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்றை நெருங்கியிருந்தது. பதவி உயர்ந்தபோதும் நகரத்திற்கு உடனே குடிபெயராமல் இடையன்குடியிலேயே தங்கினார். தென்னாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டிய காலம் அது. அவர் துயர்தீர்ப்புப் பணியில் ஈடுபட்டார். 1847ஆம் ஆண்டு தொடங்கிய ஆலயக் கட்டுமானம் 33 ஆண்டுகளுக்குப்பின் 1880ஆம் ஆண்டு நிறைவுற்றது. மறு ஆண்டே திருநெல்வேலி வரலாற்றை நூலாக வெளியிட்டார். பின்னர்ப் பணியின்பொருட்டுத் தூத்துக்குடிக்குச் சென்றபோதும் இடையன்குடியோடு கொண்ட உறவு அறவில்லை.

எனினும் அவர் பிழையே செய்யாதவர் அல்லர். பனையேறும் மக்களைப் பற்றி 1849ஆம் ஆண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல், அவர்களைத் தாழ்த்திக் காட்டியது. அவர்தம் மக்கள் கல்வி பெற்றுத் தலைநிமிர்ந்தபோது அந்நூலைப் படித்து மனம் புண்பட்டனர், எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. பிறரைப் பற்றி எழுதுவோர், எழுதப்படுவோர் ஒருநாள் அதைப் படிப்பர் என்பதை மறத்தலாகாது. கல்வி கற்பித்தவரிடமே நியாயம் கேட்கும் துணிவையும் கல்வியே தருகிறது.

ஊரோடு ஒன்றியவர்கள்

முதுமையும் நோயும் வருத்தவே, 1891ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கால்டுவெல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஆகத்து 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார். அவருடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, இடையன்குடியில் அவர் கட்டிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டுகள் உடன் வாழ்ந்த எலைசா, 1899ஆம் ஆண்டு மறைந்து அவ்வூரிலேயே துயில்கொண்டார். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. எலைசாவுக்கு அங்குச் சிலை இல்லை. அவர் கற்பித்த கல்வியும் கைத்தொழிலுமே அவருடைய நினைவுச் சின்னங்கள்.

பெற்றோரின் பணிக்காக ஊர் விட்டு வந்து வாழும் மாணவர்களே! எலைசாவும் பெற்றோரின் பணியால் வேற்று நிலத்தில் வளர்ந்தவரே. அவர் வீட்டு மொழியையும் இழக்கவில்லை. ஊர் மொழியையும் ஒதுக்கவில்லை. இரண்டையும் நாள்தோறும் பேசினார். இரண்டும் அவருடையவை ஆயின.

சொல்லும் பொருளும்

இணையர் – கணவனும் மனைவியும்
தேரி – மணற்குன்று
ரேந்தை – நூலால் பின்னும் பூவேலை
பேராயர் – கிறித்தவத் திருச்சபைத் தலைவர்
புழக்கம் – வழக்கில் இருத்தல்

பயிற்சி

1. கால்டுவெல்லும் எலைசாவும் தமிழ் கற்ற முறைகளை வேறுபடுத்தி எழுதுக.
2. எலைசாவின் பணியால் இடையன்குடிப் பெண்கள் பெற்ற நன்மைகள் யாவை?
3. 1849ஆம் ஆண்டு நூலை மக்கள் எதிர்த்தது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. தமிழிலும் மலையாளத்திலும் ஒத்திருக்கும் பத்துச் சொற்களை உன் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுத் தொகுக்க.