சாஸ்திரியார்

வலங்கைமானில் 1869-ல் ஏழைப் புரோகிதர் மகனாய்ப் பிறந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். பிற்காலத்தில் ஒத்துழையாமையை அவர் ஏற்றாரில்லை. தேசபக்தர் பலர் அவரைத் தூற்றினர். அவருடைய மிதவாதம் நமக்கும் உடன்பாடன்று.

ஆயினும், 1927-ல் இந்திய ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா சென்றவர் அங்கே செய்தது யாது? நம்மவர் பிள்ளைகளின் உயர்தரக் கல்விக்கும் உபாத்தியாயர் பயிற்சிக்கும் டர்பனில் ஒரு கலாசாலை வேண்டுமென்று பொருள் திரட்டினார். அங்குள்ள இந்தியரே பணம் தந்தனர். கலாசாலைக்கு அவர் பெயரையே இட்டனர். ராஜதந்திரியாகப் போன இடத்திலும் பழைய வாத்தியார் வேலையை அவர் விடவில்லை. பிரிட்டிஷார் அளிக்க முன்வந்த 'ஸர்' பட்டத்தையோ வேண்டாமென்றார்.

1944-ல், முதுமையிலும், மயிலாப்பூரில் ராமாயண உபந்நியாசத் தொடரொன்று நிகழ்த்தினார். ராமனை மனிதனாகவே வைத்துப் பேசினார். மயிலாப்பூரில் அதற்குத் துணிவு வேண்டும்! 1946 ஏப்ரலில் காலமானார்.